கல் பொறுக்கும் படிப்பு என்று கேலி செய்தவர்களுக்கு



நீண்ட பதிவு இது. டீச்சர் வாயைத் திறந்தால் மணி அடித்த பிறகும் நிறுத்த மாட்டார் என்று உங்களுக்கே தெரியும். பாதியில் எழுந்து போகாமல் கடைசி வரை படியுங்கள்.

விஷயம் இதுதான். என் தம்பி மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நல்ல மதிப்பெண். "அத்தை, நான் ஜியாலஜி படிக்கப் போறேன்" என்றாள். எனக்கு மகிழ்ச்சி. இந்தச் செய்தியை அவள் அப்பா நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அதற்கு வந்த பதில்களைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பெரியப்பா மகன் அண்ணன் எழுதினார்: "கல் பொறுக்குற படிப்புக்கா இவ்வளவு மார்க் எடுத்தா? பொம்பளப் புள்ளைய காட்டுலயும் மலையிலயும் அலைய விடப் போறீங்களா?" சித்தி மகன், பொறியாளர், எழுதினான்: "அக்கா, மெஷின் வெச்சு துளை போட்டா உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சிடும். அது எந்தக் காலத்துல எப்படி வந்துச்சுங்கிற பழங்கதை யாருக்கு வேணும்?" இன்னொருவர் அது ஜியாகிரபிதானே, வரைபடம் வரையப் போகிறாளா என்று கேட்டு, சிரிக்கும் பொம்மை நான்கு போட்டார். அந்தப் பெண் குழுவில் இருக்கிறாள். எல்லாவற்றையும் படித்தாள். அன்று இரவு என்னிடம், "அத்தை, பி.காம். விண்ணப்பமும் போட்டு வெச்சிடலாமா?" என்று கேட்டாள்.

அதனால்தான் இந்தப் பதிவு. குழுவில் எழுதினால் குடும்பச் சண்டை ஆகிவிடும் என்று தங்கை தடுத்தாள். சரி, ஊரே படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் முனைவர் பட்டம் பெற்றவள் இல்லை. ஆசிரியர் பட்டயப் பயிற்சி முடித்து, இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியலும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவள். கீழே எழுதியிருப்பதைக் கடந்த சில மாதங்களாகத் தம்பி மகளும் நானும் உட்கார்ந்து படித்தோம். ஆங்கிலத்தில் அவள் வாசித்துச் சொல்ல, நான் பழைய பழக்கத்தில் நோட்டில் தமிழில் குறிப்பெடுத்தேன்.

பிறரைத் திட்டும் முன் என் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். 1988 என்று நினைவு. எட்டாம் வகுப்பில் உலோகங்கள் பாடம். கரும்பலகையில் எழுதிப் போட்டேன்: ஈயத்தின் தாது கலீனா, துத்தநாகத்தின் தாது ஜிங்க் பிளெண்ட், செம்பின் தாது காப்பர் பைரைட்ஸ். மூன்றிலும் கந்தகம் இருக்கிறது, அது வேண்டாத பொருள், தாதுவைக் காற்றில் வறுத்தால் வாயுவாகப் போய்விடும், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். பின்வரிசையில் இருந்து ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், வேண்டாததுன்னா அது ஏன் மூணுலயும் இருக்கு? எங்கேருந்து வந்துச்சு?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது பரீட்சைக்கு வராது. உட்காரு."

அவன் உட்கார்ந்துவிட்டான். அந்த வருடம் மட்டும் இல்லை, அதற்குப் பிறகும் எத்தனையோ வருடம் அதே பாடத்தை அதே மாதிரி நடத்தினேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்பது எனக்கு அறுபது வயதைத் தாண்டித்தான் தெரிந்தது. அவர்கள் படித்த படிப்பின் பெயர்தான் ஜியாலஜி. நீங்கள் கல் பொறுக்குவது என்கிறீர்களே, அது.

இப்போது பாடத்துக்கு வருகிறேன். பயப்படாதீர்கள், எட்டாம் வகுப்புக் கணக்கு போதும்.

கந்தக அணு எல்லாவற்றிலும் 16 புரோட்டான் இருக்கும். நியூட்ரான் எண்ணிக்கைதான் மாறும். 16 நியூட்ரான் இருந்தால் கந்தகம்-32. 18 இருந்தால் கந்தகம்-34, சற்றே கனமானது. இவற்றைத்தான் ஐசோடோப்புகள் என்கிறோம். 33, 36 என்று வேறு இரண்டும் உண்டு, அளவில் மிகக் குறைவு. பொதுவாக நூறு கந்தக அணுக்களை எடுத்தால் ஏறக்குறைய 95 லேசான வகை, நாலுக்குக் கொஞ்சம் மேல் கனமான வகை. ஆனால் இந்த விகிதம் எல்லா இடத்திலும் துல்லியமாக ஒன்றாக இருப்பதில்லை. அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் முழுக் கதையும் இருக்கிறது.

அளவுகோலுக்கு ஒரு பூச்சியம் வேண்டுமே? அமெரிக்காவின் அரிசோனாவில் விழுந்த கேன்யன் டியாப்லோ விண்கல்லில் உள்ள இரும்பு சல்பைடின் விகிதத்தைப் பூச்சியமாக வைத்தார்கள். இன்று வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகமை தரும் வெள்ளி சல்பைடுப் பொடியை வைத்து அந்த அளவுகோலைச் சரிபார்க்கிறார்கள். ஒரு தாதுவில் கனமான கந்தகம் அந்த அளவைவிட ஆயிரத்துக்கு எவ்வளவு கூடுதல் என்பது பிளஸ், எவ்வளவு குறைவு என்பது மைனஸ். தாதுவில் சில மில்லிகிராம் எடுத்து, கந்தக டைஆக்சைடு வாயுவாக்கி, நிறை நிறமாலைமானி என்ற கருவிக்குள் விட்டால், காந்தம் லேசானதையும் கனமானதையும் வெவ்வேறு வளைவில் திருப்பிப் பிரித்துவிடும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹாரி தோட் என்பவர் இந்தத் துறைக்கு வழி போட்டவர்களில் ஒருவர்.

இனி மூன்று எண்களை மட்டும் மனதில் வையுங்கள். பூமியின் ஆழத்திலுள்ள கவசப் பகுதியிலிருந்து வரும் கந்தகம் பூச்சியத்தை ஒட்டி இருக்கும். இன்றைய கடல்நீரில் கரைந்துள்ள சல்பேட்டின் கந்தகம் ஏறத்தாழ பிளஸ் 21. பாக்டீரியாக்கள் கடல் சல்பேட்டைத் தின்று வெளியிடும் கந்தகம் அதைவிட மிகவும் லேசானது; பெரும்பாலும் பூச்சியத்துக்குக் கீழே, மைனஸில் போய்விடும்.

பாக்டீரியா ஏன் லேசானதைத் தேர்ந்தெடுக்கிறது? நிலக்கடலை உடைக்க உட்காருகிறோம். கை தானாக எதை முதலில் எடுக்கும்? எளிதில் உடைகிற தோட்டைத்தான். கந்தகம்-32 உள்ள பிணைப்பு சற்று எளிதில் அறுபடும். அதனால் அது முதலில் போகிறது. பிச்சாவரம் மாதிரி அலையாத்திக் காட்டுச் சேற்றில் கால் வைத்தால் அழுகிய முட்டை நாற்றம் வருமே, அது இந்த வகைப் பாக்டீரியாக்கள் விடும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுதான். நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம்.

இப்போது அயர்லாந்துக்கு வாருங்கள். மீத் என்ற மாவட்டத்தில் நாவன் என்று ஓர் ஊர். 1970-இல் அங்கே துத்தநாக, ஈயத் தாது கண்டுபிடிக்கப்பட்டது. 1977-இல் சுரங்கம் உற்பத்தியைத் தொடங்கியது. பத்துக் கோடி டன்னுக்கும் மேலான தாது. ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய துத்தநாகச் சுரங்கங்களில் ஒன்று.

இவ்வளவும் எப்படி ஓரிடத்தில் சேர்ந்தது? என் சித்தி மகனைக் கேட்டால், பூமியின் ஆழத்திலிருந்து வெந்நீரில் கரைந்து வந்தது, அவ்வளவுதான் என்பான். பாதி சரி. ஏறத்தாழ 35 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த இடம் கடல். அடிப்பாறைகளுக்குள் ஆழமாக இறங்கிச் சூடான உப்புநீர், அங்கிருந்த துத்தநாகத்தையும் ஈயத்தையும் கரைத்துக்கொண்டு பிளவுகள் வழியே மேலே வந்தது. ஆனால் உலோகம் நீரில் கரைந்தே இருந்தால் சுரங்கம் உண்டாகாது. அதைப் பிடித்து நிறுத்திக் கல்லாக்கக் கந்தகம் வேண்டும். அந்தக் கந்தகம் எங்கிருந்து வந்தது? 1988-இல் என் வகுப்புப் பையன் கேட்ட அதே கேள்வி.

நாவன் தாதுவில் கந்தகத்தை அளந்து பார்த்தபோது இரண்டு வகை தெரிந்தது. ஒரு வகை பூச்சியத்துக்கு மேலே, பிளஸ் 10-ஐ ஒட்டி. அது வெந்நீரோடு ஆழத்திலிருந்து வந்தது. இன்னொரு வகை மைனஸ் 5-லிருந்து மைனஸ் 20-க்கும் கீழ் வரை. அது கடல் பாக்டீரியாக்கள் செய்தது. எது எவ்வளவு? ஒரு கல்லை எடுத்துப் பார்த்துச் சொன்னால் ஏமாந்து போவோம். ஆராய்ச்சியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சுரங்க ஆலையில் அரைத்துச் செறிவாக்கிய தாதுப் பொடியையே அளந்தார்கள். பல இடத்துத் தாது அதில் ஒன்றாகக் கலந்திருக்கும் அல்லவா? சராசரி, மைனஸ் 13, 14 என்ற அளவில் வந்தது.

இப்போது நோட்டை எடுங்கள். கணக்கு எளிதாக இருக்க வட்டமான எண்களாக வைக்கிறேன். பாக்டீரியாக் கந்தகம் சராசரியாக மைனஸ் 15. ஆழத்துக் கந்தகம் பிளஸ் 10. கலவை மைனஸ் 13. நூறு பங்கில் பாக்டீரியாவின் பங்கு எத்தனை? 92 பங்கை மைனஸ் 15-ஆல் பெருக்கினால் மைனஸ் 1380. மீதி 8 பங்கைப் 10-ஆல் பெருக்கினால் 80. கூட்டினால் மைனஸ் 1300. நூறால் வகுத்தால் மைனஸ் 13. பால்காரர் எவ்வளவு தண்ணீர் கலந்தார் என்று கண்டுபிடிக்கிற அதே கணக்கு. ஆராய்ச்சியாளர்கள் சொன்ன முடிவும் இதுதான்: நாவனின் கந்தகத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் பாக்டீரியாக்களின் கைவேலை. அவை இல்லாவிட்டால் இவ்வளவு பெரிய தாதுப் படிவு அங்கே உண்டாகியிருக்காது.

கண்ணுக்குத் தெரியாத கிருமி, 35 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் சேற்றில் மூச்சு விட்டது. இன்று நம் வீட்டு ஜி.ஐ. வாளியிலும் தகரக் கூரையிலும் பூசுகிற துத்தநாகம் அந்த மாதிரி மூச்சில் சிக்கி நின்றதாகக்கூட இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்கிற படிப்பையா கல் பொறுக்குவது என்கிறீர்கள்?

"அதெல்லாம் சரி அக்கா, தெரிஞ்சு என்ன ஆகப் போகுது? துளை போட்டா போதுமே" என்று தம்பி திரும்பக் கேட்பான். கேள்விக்கு எதிர்க்கேள்வி. எங்கேயப்பா துளை போடுவாய்? பூமி என்ன பத்து சென்ட் மனையா? வீட்டுக்கு ஆழ்துளைக் கிணறு போடும்போதே தண்ணீர் வராமல் இரண்டு முறை பணத்தைக் கொட்டியவர்கள் நம் குடும்பத்திலேயே இருக்கிறோம். தாது தேடிப் போடும் துளைக்கு ஆகும் செலவை நினைத்துப் பார். எங்கே போடுவது என்று சொல்ல, அந்தத் தாது எப்படிப் பிறந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ரஷ்யாவின் வடகோடியில், சைபீரியாவில், நோரில்ஸ்க் என்று ஓர் இடம். நிக்கல், செம்பு, பல்லேடியம் எல்லாம் குவிந்து கிடக்கும் இடம். ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் நடந்த மாபெரும் எரிமலைப் பெருக்கின்போது கவசத்திலிருந்து எழுந்த பாறைக்குழம்பில் உண்டானது. அப்படியானால் கந்தக எண் பூச்சியத்தை ஒட்டித்தானே இருக்க வேண்டும்? அளந்தால் பெரும்பாலும் பிளஸ் 8 முதல் 12 வரை வருகிறது. கனமான கந்தகம். எங்கிருந்து?

அந்தக் குழம்பு மேலே வந்த வழியில், அதற்கும் முந்தைய டெவோனியக் காலத்தில் வற்றிப்போன கடலின் உப்புப் படிவுகள் இருக்கின்றன. அன்ஹைட்ரைட், ஜிப்சம் போன்ற சல்பேட்டுகள். அவற்றின் எண் பிளஸ் 20 பக்கத்தில். கொதிக்கும் குழம்பு அந்தப் பழைய கடலின் கந்தகத்தை உள்ளே இழுத்துக்கொண்டது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். கந்தகம் அளவுக்கு மீறிச் சேர்ந்ததும், ரசத்தில் எண்ணெய் பிரிகிற மாதிரி சல்பைடு துளித்துளியாகப் பிரிந்தது. அந்தத் துளிகள் குழம்பில் பரவிக் கிடந்த நிக்கலையும் செம்பையும் பல்லேடியத்தையும் பொறுக்கிக்கொண்டு அடியில் தங்கின. படிவுப் பாறைகளிலுள்ள கரிமப் பொருளுக்கு இதில் எவ்வளவு பங்கு, கந்தகம் உள்ளே போனது எந்த ஆழத்தில் என்பதில் இன்னும் விவாதம் உண்டு. ஆனால் பாடம் தெளிவு. வெறும் எரிமலைப் பாறையைத் தேடினால் போதாது. அந்தக் குழம்பு வந்த வழியில் கந்தகம் நிறைந்த பாறை இருந்ததா என்றும் பார்க்க வேண்டும். நிக்கல் தேடுகிறவர்கள் இன்று உலகம் முழுக்க இதைக் கேட்கிறார்கள். பழங்கதை யாருக்கு வேணும் என்று கேட்டாயே தம்பி, துளை போடப் பணம் கொடுக்கிறவனுக்கு வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோரில்ஸ்க் உருக்காலைகள் பல பத்தாண்டுகள் உலகிலேயே மிக அதிகமாகக் கந்தக டைஆக்சைடு கக்கிய இடங்களில் ஒன்று. காற்று வீசும் திசையில் காடுகள் பட்டுப்போய் நின்றன. "வறுத்தால் வாயுவாகப் போய்விடும்" என்று கரும்பலகையில் எழுதினேனே, அந்த வாயு எங்கே போகும் என்று நானும் சொல்லவில்லை, என் பாடப்புத்தகமும் சொல்லவில்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தெரியாதவர்களுக்கு எங்கே போகிறது என்று கேட்கவும் தோன்றாது. தாதுவின் பெயர், சூத்திரம், கிடைக்கும் இடம் என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைத்தோம். அந்தப் பட்டியலைப் படித்து மதிப்பெண் வாங்கியவர்கள்தான் இன்று அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். உங்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. சொல்லிக்கொடுத்தது என்னைப் போன்றவர்கள்.

நியாயமாக ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கந்தக எண் மந்திரம் இல்லை. அது கந்தகத்தின் ஊரைத்தான் சொல்லும், உலோகத்தின் ஊரைச் சொல்லாது. நாவனில் ஈயம் அடிப்பாறையிலிருந்து வந்தது என்பதைக் காட்டியது ஈயத்தின் ஐசோடோப்புகள். கந்தகமும் ஈயமும் வேறு வேறு ஊர்க்காரர்கள், சந்தித்த இடம் சுரங்கம். அதே மாதிரி எண் பூச்சியம் என்று வந்துவிட்டால் கவசத்திலிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. பிளஸ்ஸும் மைனஸும் கலந்தாலும் பூச்சியம் வரும். வெப்பநிலை மாறினாலும் எண் நகரும். அதனால் ஒரு சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாது. பாறையை நேரில் பார்க்க வேண்டும், எந்தத் தாதுவின் மேல் எது படிந்தது என்று நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், பிறகு எண்ணோடு பொருத்த வேண்டும். இதைக் கருவி தானாகச் செய்யாது. படித்த மனிதர் வேண்டும்.

இனி அண்ணனுக்கு. பொம்பளப் புள்ள காட்டிலும் மலையிலும் அலைவதா என்று கேட்டீர்கள். அண்ணே, 1983-இல் சுதீப்தா சென்குப்தா என்ற நிலவியல் அறிஞர், அதிதி பந்த் என்ற கடலியல் அறிஞரோடு அண்டார்க்டிகா போனார். அங்கே போன முதல் இந்தியப் பெண் அறிஞர்கள் இவர்கள்தான். அந்தப் பனிப் பாலைவனத்தில் சென்குப்தா பாறைகளை ஆராய்ந்தார். 1991-இல் அவருக்குப் பட்நாகர் விருது கிடைத்தது. நம் பெண் சேலம் பக்கம் ஒரு மலைக்குப் போனால் குடும்ப மானம் போய்விடுமா? நம் வீட்டுப் பெண்கள் எத்தனை தலைமுறை விறகுக்கும் தண்ணீருக்கும் காட்டிலும் மலையிலும் அலைந்தார்கள். அப்போது யாரும் தடுக்கவில்லை. சுத்தியலும் நோட்டும் எடுத்துக்கொண்டு போகும்போது மட்டும் கவலை வந்துவிடுகிறதே.

வேலை கிடைக்குமா என்றும் சிலர் கேட்டீர்கள். இது நியாயமான கேள்வி, கேலியில் சேராது. 1851-இல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இன்றும் இருக்கிறது. அதற்கு ஆள் எடுக்க மத்தியப் பணியாளர் தேர்வாணையம் தனியாகவே ஒரு தேர்வு நடத்துகிறது. நிலத்தடி நீர்த் துறைக்கும் அதே தேர்வுதான். போட்டி கடுமை, மறைக்க மாட்டேன். முதுகலை வரை படிக்க வேண்டும். எந்தப் படிப்பில் போட்டி இல்லை, சொல்லுங்கள். பொறியியல் முடித்துவிட்டு வேலை தேடுகிறவர்கள் நம் குழுவிலேயே எத்தனை பேர் என்று நான் எண்ணிச் சொல்ல வேண்டுமா?

நிறைவாக இரண்டு பேருக்கு மட்டும்.

தம்பிக்கு: பி.காம். விண்ணப்பம் வேண்டாம். சென்னை மாநிலக் கல்லூரியிலும் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியிலும் ஜியாலஜி இருக்கிறது. இரண்டுக்கும் விண்ணப்பம் போடு. பணம் குறைந்தால் என் ஓய்வூதியத்திலிருந்து தருகிறேன். இதை எல்லோர் முன்னாலும் எழுதுவது, நீ பிறகு மறுக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

1988-இல் பின்வரிசையில் இருந்த அந்தப் பையனுக்கு: இப்போது உனக்கு ஐம்பது வயது இருக்கும். உன் பெயரை இங்கே போடவில்லை, நீ யாரென்று உனக்குத் தெரியும். நீ கேட்டது சரியான கேள்வி. சில இடத்தில் அது பூமியின் ஆழத்திலிருந்து வந்தது. சில இடத்தில் வற்றிப்போன கடலிலிருந்து வந்தது. சில இடத்தில் சேற்றுப் பாக்டீரியா கொடுத்தது. வேண்டாத பொருள் என்று நான் எழுதிப் போட்டது தப்பு. அது இல்லாவிட்டால் அந்தத் தாதுக்களே இல்லை. உன்னை உட்காரச் சொன்னதற்கு டீச்சரை மன்னித்துவிடு.

மற்றவர்கள் கருத்துப் பகுதியில் தாராளமாகச் சண்டை போடுங்கள், பதில் சொல்கிறேன். ஆனால் சிரிக்கும் பொம்மை போடுகிறவர்கள் முதலில் அந்த மைனஸ் 13 கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டுப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் டீச்சர்